அத்தியாயம் 7: தட்டைப் பரப்பும் சாய்தளமும்

புவியியல் வரைபட மென்பொருளுக்குப் புதியவர்கள், துளைக்கிணற்றுத் தரவை உள்ளிட்ட கையோடு கிரிட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மென்பொருளும் மேடும் பள்ளமுமாக ஒரு பரப்பை வரைந்து தந்துவிடுகிறது. அந்த மேடுபள்ளங்களில் எது பாறையுடையது, எது கணக்குமுறை தானாக இட்டு நிரப்பியது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஒரு படி பின்னால் போகிறோம். படிவுப் பாறை எதுவானாலும் முதலில் அதை ஒரு தளமாக வரையுங்கள். தளத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் அதன்பிறகு தாமாகவே கண்ணில் படும். பாறை எங்கே வளைந்திருக்கிறது, எங்கே முறிந்திருக்கிறது என்பதை அந்த இடங்கள்தாம் சொல்லும்.

எங்கே பயன்படும்?

தட்டைப் பரப்பு என்றால் எல்லாப் புள்ளியிலும் ஒரே உயரம். சுரங்கத்தின் படிமட்டம், குவாரியின் அடிமட்டம், அணையின் முழு நீர்மட்டம் ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். கன அளவு கணக்கிட மேலே ஒரு பரப்பும் கீழே ஒரு பரப்பும் வேண்டும். கீழ்ப்பரப்பு பல நேரங்களில் இப்படி ஒரு தட்டைப் பரப்பாகவே இருக்கும்.

சாய்தளம் என்றால் ஒரே திசையில், ஒரே கோணத்தில் இறங்கும் பரப்பு. மெல்லச் சாய்ந்த சுண்ணாம்புப் படுகை, நிலக்கரிப் படுகை, நேரான பிளவுத்தளம், நிலத்தடி நீரின் அழுத்த மட்டம் ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் சாய்தளமாகக் கொள்ளலாம்.

நம் அருகிலேயே இதற்கு நல்ல இடங்கள் உண்டு. அரியலூர் வட்டாரத்தின் கிரெட்டேசியப் படிவுகள் மேற்கே பழைய நைஸ் பாறைகளின்மேல் படிந்து, பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்கும் நோக்கி மெல்லச் சாய்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860-களில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லைச் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும்போது எழும் முதல் கேள்வி, இந்தப் படுகை கிழக்கே போகப்போக எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதுதான். அதற்கு விடை தருவது சாய்தளம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் தேங்கியிருக்கிறது. அந்த அழுத்தம் சுரங்கத் தரையை மேலே தள்ளாமலிருக்க நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. நிலக்கரியின் அடிப்பரப்பு ஒன்று, நீரழுத்த மட்டத்தின் பரப்பு ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்காமல் எங்கே எவ்வளவு இறைப்பது என்று முடிவு செய்ய முடியாது.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலாவது, ஆயமுறை. அட்சரேகை, தீர்க்கரேகை பாகையில் இருக்க, உயரம் மட்டும் மீட்டரில் இருந்தால் சாய்வு பொருளற்றதாகிவிடும். தரவை யுடிஎம் போன்ற மீட்டர் ஆயமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள தமிழகப் பகுதிகளுக்கு யுடிஎம் 44 வடக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32644 பொருந்தும். கோவை போல அதற்கு மேற்கே உள்ள இடங்களுக்கு மண்டலம் 43.

இரண்டாவது, உயர அடிப்படை. துளைக்கிணற்று வாயின் உயரம் (ஆர்.எல்.) கடல் மட்டத்திலிருந்து அளந்ததா, ஜிபிஎஸ் தந்த நீள்கோள உயரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னிந்தியாவில் ஜியாய்டு பரப்பு, டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் வரை கீழே இருக்கிறது. இரண்டு வகை உயரங்கள் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், இல்லாத இடத்தில் பெரிய பிளவு ஒன்று முளைத்துவிடும்.

மூன்றாவது, எல்லையும் கட்டத்தின் அளவும். தளத்தைப் பொறுத்தவரை கட்டம் 10 மீட்டரா 50 மீட்டரா என்பதால் வடிவம் மாறாது. ஆனால் பின்னால் அதை நிலப்பரப்பின் உயர மாதிரியிலிருந்து கழிக்கப் போகிறீர்கள். ஆகவே இரண்டுக்கும் ஒரே எல்லை, ஒரே கட்ட அளவு, ஒரே தொடக்க மூலை இருக்கட்டும். சர்ஃபர் மென்பொருளின் கிரிட் மேத் கட்டளை, வரிசை எண்ணிக்கையும் பத்தி எண்ணிக்கையும் ஒத்துப்போகும் கிரிட்களையே எதிர்பார்க்கும்.

தட்டைப் பரப்பு

க்யூஜிஐஎஸ்ஸில் பிராசஸிங் கருவிப்பெட்டியைத் திறந்து 'கிரியேட் கான்ஸ்டன்ட் ராஸ்டர் லேயர்' கருவியைத் தேர்ந்தெடுங்கள். எல்லை, ஆயமுறை, கட்ட அளவு, மாறா மதிப்பு ஆகிய நான்கையும் கொடுத்தால் வேலை முடிந்தது. கிராஸ் பயன்படுத்துபவர்கள் ஜி.ரீஜன் கட்டளையால் எல்லையை அமைத்துவிட்டு, ஆர்.மேப்கால்க்கில் பரப்பின் பெயருக்குச் சமமாக ஓர் எண்ணை எழுதினால் போதும். சர்ஃபரில் கிரிட் ஃபங்ஷன் கட்டளையில் சமன்பாடாக அந்த எண்ணை மட்டும் கொடுக்கலாம்.

கன அளவு மட்டுமே வேண்டுமென்றால் சர்ஃபரில் தனிப் பரப்பு உருவாக்கத் தேவையில்லை. கிரிட் வால்யூம் கட்டளை, கீழ்ப்பரப்பாக ஒரு மாறா எண்ணையே ஏற்றுக்கொள்ளும். பரப்பை வரைபடத்திலோ முப்பரிமாணப் படத்திலோ காட்ட வேண்டியிருந்தால் மட்டும் தனியாக உருவாக்குங்கள்.

சாய்தளம்: ஒரு புள்ளியும் ஓர் அளவீடும் இருந்தால்

களத்தில் ஒரு பாறை வெளிப்பாட்டில் கிளைனோமீட்டரை வைத்துச் சாய்வுக் கோணத்தையும் சாய்வுத் திசையையும் எடுத்திருக்கிறீர்கள். ஓட்டுக் கூரையில் மழைநீர் எந்தப் பக்கம் வழிந்தோடுமோ அதுவே சாய்வுத் திசை. அதற்குச் செங்குத்தாக, பரப்பில் கிடைமட்டமாகச் செல்லும் கோடு ஸ்ட்ரைக். இந்த நூலில் திசையை எப்போதும் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளக்கிறோம். சமன்பாடு இது:

உ = உ₀ − டேன்(சா) × [ (கி − கி₀) × சைன்(தி) + (வ − வ₀) × காஸ்(தி) ]

இங்கே கி, வ, உ என்பவை நாம் தேடும் புள்ளியின் கிழக்கு ஆயம், வடக்கு ஆயம், உயரம். கி₀, வ₀, உ₀ என்பவை அளவீடு எடுத்த புள்ளிக்குரியவை. சா என்பது சாய்வுக் கோணம், தி என்பது சாய்வுத் திசை.

ஒரு பயிற்சிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அளவீட்டுப் புள்ளியில் படுகையின் மேற்பரப்பு ஆர்.எல். 80 மீட்டர். சாய்வு 4°, திசை 110°. அங்கிருந்து 500 மீட்டர் கிழக்கும் 200 மீட்டர் வடக்குமாக உள்ள இடத்தில் படுகை எந்த உயரத்தில் இருக்கும்? டேன் 4° = 0.0699, சைன் 110° = 0.9397, காஸ் 110° = −0.3420. அடைப்புக்குள் வருவது 469.9 − 68.4 = 401.5 மீட்டர். அதை 0.0699-ஆல் பெருக்கினால் 28.1 மீட்டர் இறக்கம். எனவே ஆர்.எல். 51.9 மீட்டர். மென்பொருள் தரும் எண்ணை நம்பும் முன் இப்படி ஒரு புள்ளிக்காவது கையால் கணக்குப் போட்டுவிடுங்கள்.

இதை மென்பொருளில் செய்ய வழிகள் பல. கிராஸில் ஆர்.பிளேன் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. சாய்வு, திசை, தளம் கடந்து செல்லும் புள்ளியின் கிழக்கு, வடக்கு, உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் சாய்தள ராஸ்டர் கிடைக்கும். பரப்பு நீங்கள் நினைத்த பக்கம்தான் இறங்குகிறதா என்று இரண்டு இடங்களில் உயரத்தைப் படித்து உறுதிசெய்யுங்கள். ஆர்.மேப்கால்க்கில் கட்டத்தின் ஆயங்களைத் தரும் செயல்கூறுகள் இருப்பதால், மேலே உள்ள சமன்பாட்டை அப்படியே எழுதவும் முடியும். சர்ஃபரின் கிரிட் ஃபங்ஷனும் அதே போலத்தான்.

க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஆயங்களை நேரடியாகப் பயன்படுத்த வழியில்லை. அதற்குச் சுற்றுவழி ஒன்று உண்டு. ஆய்வுப் பகுதியைவிடச் சற்றே பெரிய செவ்வகத்தின் நான்கு மூலைகளுக்கும் சமன்பாட்டால் உயரத்தைக் கணக்கிட்டு, நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு படலமாக்குங்கள். பிறகு டின் இடைக்கணிப்பை நேர்கோட்டு முறையில் ஓட்டுங்கள். முக்கோணங்கள் எல்லாம் ஒரே தளத்தில் விழுவதால் துல்லியமான சாய்தளம் வந்துவிடும். முக்கோணமாக்கல் வசதியுள்ள எந்த மென்பொருளிலும் இந்த வழி எடுபடும். ஆனால் அதே நான்கு புள்ளிகளைக் கிரிகிங் முறைக்குக் கொடுக்காதீர்கள். சாதாரணக் கிரிகிங் நேர்கோட்டுச் சாய்வை அச்சாகத் திருப்பித் தராது. பரப்பு இடையில் மெல்ல வளைந்துவிடும்.

பாகையும் ரேடியனும்

சாய்தளம் தப்பாக வருவதற்குப் பொதுவான காரணம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான். எக்செல், க்யூஜிஐஎஸ், சர்ஃபர் ஆகியவை கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கின்றன. கிராஸின் ஆர்.மேப்கால்க் பாகையில் எதிர்பார்க்கிறது. 2° சாய்வை ரேடியன் கேட்கும் இடத்தில் வெறுமனே 2 என்று கொடுத்தால் டேன் மதிப்பு 0.035-க்குப் பதிலாக −2.185 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 35 மீட்டர் இறங்க வேண்டிய படுகை, 2,185 மீட்டர் எதிர்ப்பக்கம் ஏறும்.

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டவணை. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு இறக்கம்:

1° – 17.5 மீட்டர்
2° – 35 மீட்டர்
5° – 87.5 மீட்டர்
10° – 176 மீட்டர்
30° – 577 மீட்டர்
45° – 1,000 மீட்டர்

மெல்லிய சாய்வுகளை அளக்கும்போது ஒரு பாகை பிசகினால் என்ன ஆகும் என்பதையும் இந்த அட்டவணை சொல்கிறது. உண்மைச் சாய்வு 2° ஆக இருந்து நீங்கள் 3° என்று எடுத்திருந்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏறத்தாழ 17 மீட்டர் ஆழம் தவறிவிடும். அதனால் 5°-க்குக் குறைந்த சாய்வுக்குக் கிளைனோமீட்டரை மட்டும் நம்பாமல் துளைக்கிணறுகளைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று துளைக்கிணறுகள் இருந்தால்

ஒரே கோட்டில் விழாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். பயிற்சிக்காக மூன்று கிணறுகளை எடுத்துக்கொள்வோம். கிணறு 1 தொடக்கப் புள்ளியில். படுகையின் மேற்பரப்பு 52 மீட்டர். கிணறு 2 அதற்கு 800 மீட்டர் கிழக்கே, 44 மீட்டர். கிணறு 3 தொடக்கப் புள்ளிக்கு 600 மீட்டர் வடக்கே; 49 மீட்டர். கிழக்கே மீட்டருக்கு 0.01, வடக்கே மீட்டருக்கு 0.005 என இறக்கம். எனவே:

உ = 52 − 0.01 × கி − 0.005 × வ

இரண்டு இறக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.01118. அதற்குரிய கோணம் 0.64°; அதுவே உண்மைச் சாய்வு. சாய்வுத் திசையைக் காண ஏடேன்2 செயல்கூறு வேண்டும். எக்செல்லில் வடக்கு இறக்கத்தை முதலிலும் கிழக்கு இறக்கத்தை இரண்டாவதாகவும் கொடுக்க வேண்டும்; க்யூஜிஐஎஸ்ஸில் இந்த வரிசை தலைகீழ். இங்கே விடையைப் பாகைக்கு மாற்றினால் 63.4°, அதாவது கிழக்கு-வடகிழக்கு. விடை குறை எண்ணாக வந்தால் 360-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் தொடக்கப் புள்ளியைப் பூச்சியமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அரியலூர் அருகே யுடிஎம் வடக்கு ஆயம் ஏறத்தாழ 12,30,000 மீட்டர். சமன்பாட்டின் கெழுவை ஐந்தாவது தசம இடத்தில் ஓர் எண் மாற்றி எழுதினாலும் 0.00001 × 12,30,000, அதாவது 12 மீட்டருக்கு மேல் உயரம் நகர்ந்துவிடும். அறிக்கையில் அச்சிட்ட கெழுவைப் பார்த்து இன்னொருவர் தளத்தை மறுபடி வரையும்போது இப்படித்தான் பிழை நுழைகிறது. ஆகவே ஆய்வுப் பகுதிக்குள்ளேயே ஒரு புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டு, அதிலிருந்து உள்ள தொலைவையே சமன்பாட்டில் எழுதுங்கள்.

மூன்று கிணறுகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தால் இந்த முறையைக் கைவிடுவது நல்லது. ஒல்லியான முக்கோணத்தில் அரை மீட்டர் அளவுப் பிழைகூடச் சாய்வுத் திசையை முழுவதுமாகத் திருப்பிவிடும். முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30°-க்குக் குறையாமல் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்.

நான்கும் அதற்கு மேலும் இருந்தால்

இப்போதுதான் இந்த முறையின் பலன் முழுமையாகத் தெரியும். எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகச் செல்லும் தளத்தை மீச்சிறு வர்க்க முறையில் பொருத்த வேண்டும். சர்ஃபரில் பாலினாமியல் ரெக்ரஷன் முறையில் எளிய தளப் பரப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எக்செல்லிலும் லிப்ரேஆஃபிஸிலும் லைனெஸ்ட் செயல்கூறு அதே வேலையைச் செய்யும். அது கெழுக்களைத் தலைகீழ் வரிசையில், கடைசி மாறியின் கெழுவை முதலில் வைத்துத் தரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பொருத்திய பின் ஒவ்வொரு கிணற்றிலும் அளந்த உயரத்திலிருந்து தளத்தின் உயரத்தைக் கழித்து, அந்த எச்சத்தை வரைபடத்தில் குறியுங்கள். முந்தைய எடுத்துக்காட்டில் 800 மீட்டர் கிழக்கும் 600 மீட்டர் வடக்குமாக நான்காவது கிணறு ஒன்று தோண்டியதாக வைத்துக்கொள்வோம். தளத்தின்படி அங்கே 41 மீட்டர் வர வேண்டும். 40.6 வந்தால் தளம் சரி. 29 வந்தால் நின்று யோசிக்க வேண்டும்.

எச்சங்களைப் படிக்கும் முறை இது. ஒரே ஒரு கிணறு மட்டும் தனியாகத் தூக்கி நின்றால் முதலில் அதன் வாய் உயரத்தையும் பாறைப் பதிவையும் சரிபாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு கோட்டுக்கு ஒரு பக்கம் எல்லாம் கூடுதலாகவும் மறுபக்கம் எல்லாம் குறைவாகவும் இருந்தால் அந்தக் கோட்டில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் குறைந்தும் சுற்றிலும் கூடியும் இருந்தால் படுகை கிண்ணமாகக் குழிந்திருக்கிறது. நேரடியாகக் கிரிகிங் செய்திருந்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரியான மேடுபள்ளமாகக் கலந்து மறைந்திருக்கும்.

இணைப் பரப்பும் தடிமனும்

படுகையின் மேற்பரப்பு தயாரானதும் அடிப்பரப்பை அதற்கு இணையாக உருவாக்கலாம். உண்மைத் தடிமன் என்பது படுகைக்குச் செங்குத்தாக அளப்பது. துளைக்கிணறு நேர் கீழாக இறங்குவதால் அதில் தெரிவது செங்குத்துத் தடிமன். உண்மைத் தடிமனைக் காஸ்(சா)-ஆல் வகுத்தால் செங்குத்துத் தடிமன் கிடைக்கும்; அதை மேற்பரப்பிலிருந்து கழியுங்கள். 2° சாய்வில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 45°-யில் செங்குத்துத் தடிமன் உண்மைத் தடிமனைப்போல் 1.41 மடங்கு, 60°-யில் இரு மடங்கு. செங்குத்தான படுகைகளில் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் கன அளவு பெரிதும் தவறும்.

நிலப்பரப்போடு வெட்டிப் பார்த்தல்

நிலப்பரப்பின் உயர மாதிரியிலிருந்து சாய்தளத்தைக் கழியுங்கள். கிடைக்கும் ராஸ்டரில் கூட்டல் மதிப்பு உள்ள இடத்தில் படுகை மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்த எண்ணே அதன் ஆழம். கழித்தல் மதிப்பு உள்ள இடத்தில் படுகை அரிக்கப்பட்டுப் போய்விட்டது. பூச்சிய மதிப்புக் கோடுதான் படுகை நிலத்தில் வெளிப்பட வேண்டிய கோடு. அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். பாறை அங்கே தலைகாட்டினால் உங்கள் தளத்துக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் போன்ற உயர மாதிரிகளில் சில மீட்டர் பிழை இயல்பு. சமதளமான நிலத்தில் 4° சாய்வுள்ள படுகைக்கு 5 மீட்டர் உயரப் பிழை, வெளிப்பாட்டுக் கோட்டை 70 மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். சாய்வு குறையக் குறைய இந்த நகர்வு கூடிக்கொண்டே போகும். கோட்டை மெல்லிய ஒற்றைக் கோடாக வரையாமல், பிழையின் அகலத்துக்கு ஒரு பட்டையாக வரைவதே நியாயம்.

மேல்மண்ணின் கன அளவைக் கணக்கிடும்போது கழித்தல் மதிப்புகளைப் பூச்சியமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் படுகையே இல்லாத இடத்தின் காற்றும் கணக்கில் சேர்ந்து, மொத்தத்தைக் குறைத்துக் காட்டும்.

தளத்துக்கும் எல்லை உண்டு

கணக்கில் தளம் முடிவின்றி நீளும். பாறை அப்படி நீளாது. அரியலூர்ப் படுகை ஒன்றை மேற்கே நீட்டிக்கொண்டே போனால் அது நைஸ் பாறை நிலத்துக்கு மேலே வானத்தில் மிதக்கும். கிழக்கே நீட்டினால் கடலூர் மணற்கல்லின் அடியில் நுழையும். அங்கே பிளவுகள் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே பிளவு, இயைபின்மைத் தளம், வெளிப்பாட்டுக் கோடு இவற்றில் பரப்பைக் கத்தரித்துவிடுங்கள். கடைசித் துளைக்கிணற்றைத் தாண்டி, கிணறுகளுக்கிடையே உள்ள சராசரி இடைவெளிக்கு மேல் நீட்டாதீர்கள். நீட்டியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பகுதியைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள்.

முப்பரிமாணப் படத்தில் உயரத்தைப் பெரிதாக்கிக் காட்டும்போது அந்த மடங்கைப் படத்திலேயே எழுதுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கினால் 1° சாய்வு 9.9° போலத் தெரியும். குறுக்குவெட்டும் சாய்வுத் திசையில் இல்லாவிட்டால் சாய்வு குறைவாகவே தோன்றும். உண்மைச் சாய்வின் டேன் மதிப்பை, வெட்டுத் திசைக்கும் சாய்வுத் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் காஸ் மதிப்பால் பெருக்கினால் படத்தில் தெரியும் சாய்வின் டேன் மதிப்பு வரும்.

பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு பரப்போடும் ஐந்து விவரங்களைச் சேர்த்து வையுங்கள்: தொடக்கப் புள்ளியின் ஆயங்களும் உயரமும், சாய்வு, சாய்வுத் திசை, ஆயமுறையும் உயர அடிப்படையும், எந்தத் தரவிலிருந்து உருவாக்கியது என்ற குறிப்பு. இந்த ஐந்தும் இருந்தால் மென்பொருள் மாறினாலும் அலுவலகத்தில் ஆள் மாறினாலும் அந்தத் தளத்தைச் சில நிமிடங்களில் மறுபடி உருவாக்கிவிடலாம். கோப்பு மட்டும் இருந்து விவரம் இல்லாவிட்டால், அதை நம்பி யாரும் ஒரு கிணறுகூடத் தோண்டக்கூடாது.

அடுத்த அத்தியாயத்தில் மடிப்புகளையும் வளைந்த பரப்புகளையும் உருவாக்கப் போகிறோம். அதற்குப் போகும் முன், உங்களிடம் உள்ள துளைக்கிணற்றுத் தரவில் ஒரே ஒரு படுகையை எடுத்து, அதற்கு ஒரு தளத்தைப் பொருத்தி, எச்சங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எந்த இடத்தில் வளைவு தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்பதை அந்த எச்சங்களே உங்களுக்குச் சொல்லிவிடும்.